இடது காலின் ஆணி

மேடையில் எனக்குத் தரப்படும் நேரம் ஐந்து நிமிடம். அதற்குள் ஒரு தலைப்பை நிலைநாட்டவும், அடுத்த வாரமே அதை எதிர்த்துப் பேசி வெல்லவும் எனக்குப் பயிற்சி உண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, பாரிஸின் புறநகர் மண்டபங்கள் பலவற்றில் பேசிப் பரிசு பெற்றவள் நான். அந்தப் பேச்சால் விளைந்த கேடு ஒன்று உண்டு. அதற்கு ஒரே ஒரு சொல் போதுமாயிருந்தது.

அப்பா பாரிஸின் லா சப்பல் பகுதியில் ஓர் உணவகத்தின் சமையற்காரர். காலையில் அடுப்பின் முன் நின்றால் மாலைவரை நிற்பார். முன்புறம் இரும்பு வைத்த சப்பாத்து ஒன்றை முதலாளி கொடுத்திருந்தார். உணவகத்துப் பெட்டியில் எஞ்சிக் கிடந்த சோடி அதுதான். அப்பாவின் காலுக்குச் சிறியது. "போடப் போட இளகும்" என்றார் அப்பா. சப்பாத்து இளகவில்லை. இடது பாதத்தில், சின்னவிரலின் கீழே, தோல் தடித்தது. தடிப்பின் நடுவே கூழாங்கல் போல ஓர் ஆணி விளைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதைப் பிளேடால் செதுக்குவார்.

நான் வாசித்தேன், குறிப்பெடுத்தேன், பேசினேன். நெருக்கும் சப்பாத்தை மாற்றாமல் ஆணி மாறாது, கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளந்து, விரல்கள் அசைய இடமுள்ள சப்பாத்தாய் வாங்க வேண்டும், ஆணியைப் பிளேடால் வெட்டவே கூடாது. அப்பா முழுவதையும் கேட்டார்.

"நல்லாய்த்தான் பேசுறாய். அடுப்படிக்கு உந்த இரும்புச் சப்பாத்துத்தான் வேணுமாம், பிள்ளை. நீ மருந்து வாங்கித் தா, நான் பிளேடை விடுறன்."

அதை நான் வெற்றியென்று எடுத்துக்கொண்டேன்.

அவருடைய உணவகத்துக்குப் பக்கத்து மருந்தகத்துக்கே போனோம். எங்களுக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றவர், அதே உணவகத்தில் பரிமாறும் ஒருவர்.

"என்ன அண்ணை, மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள். வக்கீலோ?"

"ஓம், என்ர வக்கீல்தான். இவளோட கதைச்சு வெல்ல ஏலாது" என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

மருந்தாளர் ஆணிக்கான ஒட்டுத்துண்டுகளை எடுத்து வைத்தாள். நடுவில் அமிலம் உண்டு, தடித்த தோலைக் கரைக்கும் என்றாள். பிறகு கேட்டாள்: இதைப் பயன்படுத்தப் போகிறவருக்கு நீரிழிவு உண்டா?

அப்பாவின் விரல்கள் என் முழங்கையைப் பற்றின. அவருக்குப் பல ஆண்டுகளாகச் சீனி வருத்தம். வேலையிடத்தில் அது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் அடுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள் என்பது அவர் அச்சம். பின்னால் நின்றவருக்குப் பிரெஞ்சு நன்றாக விளங்கும்.

"இல்லை" என்றேன், மேடையில் பழகிய அதே தெளிவான குரலில். "நிச்சயமாக?" என்று அவள் கேட்டு முடிக்கும் முன்பே மறுபடியும் "இல்லை" என்றேன்.

ஒட்டிய மறுநாளிலிருந்து தினமும் விசாரித்தேன்.

"நோகுதோ அப்பா?"

"ஒண்டுமில்லை. உன்ர மருந்து நல்ல மருந்து."

நோகவில்லை என்பதே குணத்தின் சான்று என்று நான் நம்பினேன். அம்மாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். ஆறாம் நாள் காலுறை பாதத்தோடு ஒட்டிக்கொண்டது. மெதுவாய் உரித்தபோது தோல் வெளுத்து ஊறியிருந்தது. நடுவில் பருப்பளவு குழி. நான் அதைத் தொட்டேன். அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாங்கள் வசிக்கும் கார்ஜ் புறநகரில், தொடர்மாடிக்குக் கிட்ட இருந்த ஒரு பாத மருத்துவரிடம் அப்பாவைக் கூட்டிப்போனேன். அவர் மெல்லிய நாரொன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, உணர்கிறாரா என்று அப்பாவிடம் என்னைக் கேட்கச் சொன்னார். எட்டு இடங்களில் ஏழில் தொட்டது அப்பாவுக்குத் தெரியவில்லை; நீரிழிவில் பாதம் மரத்துப் போயிருந்தது. யார் இதை ஒட்டக் கொடுத்தது என்று மருத்துவர் கேட்டபோது, மொழிபெயர்க்காமல், நான்தான் என்று நானே பதில் சொன்னேன். ஆறு வாரம் அந்தக் காலில் பாரம் விழக்கூடாது; புண் எலும்பை எட்டினால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார். அதில் ஒரு சொல்லையும் நான் குறைக்காமல் அப்பாவிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் வாதாடினேன். நோய் விடுப்பு உண்டு; சட்டம் உண்டு; வேலை செய்ய முடியாத நாட்களுக்குக் கொடுப்பனவு உண்டு.

"உண்டு. வேலைக் காகிதத்தில எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டுதான் போட்டிருக்கு. மிச்சமெல்லாம் கணக்கில்லாமல் கையில தாற காசு. அதுக்கு என்ன தருவாங்கள்?"

அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மணித்தியாலம்தான்.

மருத்துவர் எழுதித் தந்த, முன்பக்கம் திறந்த சப்பாத்தை அப்பா கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் அணிந்து போகிறார். அங்கே ரயில் மேடை வாங்கில் அமர்ந்து, பையிலுள்ள இரும்புச் சப்பாத்தை மாற்றிக்கொள்கிறார். எனக்கு அது தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

காலையில் கட்டு மாற்றுவது என் வேலை. தன் பாதத்தின் அடியை அவரால் குனிந்து பார்க்க முடியாது. கைபேசி வெளிச்சத்தில் நான் பார்க்கிறேன்.

"என்ன மாதிரிக் கிடக்கு?"

"புண் பெருத்திருக்கு, அப்பா."

"ம்." கட்டுத் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். "சரி, இறுக்கிக் கட்டு. ட்ரெயின் போயிடும்."

இறுக்கிக் கட்டினேன்.