முடிந்தது என்று சொன்ன புரோகிராம்

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். பள்ளிப் படிப்பும் டைப்ரைட்டிங்கும்தான் என் படிப்பு. நாற்பதைத் தாண்டியிருந்தேன். ஆட்களிடம் பேசுவதைவிட இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பது எனக்குச் சுலபம். மதுரையில் வாங்கிய ஒரு புத்தகத்தை அகராதியோடு வாசித்து, நானாகவே புரோகிராம் எழுதப் பழகினேன். அடிக்கடி தேவைப்படும் புரோகிராம் துண்டுகளை ஒரு ஃபிளாப்பியில் சேர்த்து வைத்தேன். புதிதாக எது எழுதினாலும் அதிலிருந்துதான் எடுப்பேன்.

அதில் ஒரு துண்டின் மேல் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஒரு பட்டியலைக் கொடுத்தால் மூன்று பிரிண்டர்களுக்கும் ஒரே சமயத்தில் பங்கு வைக்கும். எது ஓய்கிறதோ அதற்கு அடுத்த பெயர் போகும். பட்டியல் தீர்ந்ததும் திரையில் ‘முடிந்தது’ என்று வரும். ஆனால் இடையில் நிறுத்த வழி வைக்கவில்லை.

“ஏம்மா, இங்குட்டு ஒண்ணு தாளைத் தின்னுக்கிட்டிருக்கு, நிப்பாட்டுங்க!” என்று முதலாளி கத்துவார்.

“பிளக்கைத்தான் பிடுங்கணும் சார்.”

“நல்லா எழுதினீக போங்க. பிரேக் இல்லாத பஸ்ஸு.”

அந்த ஆண்டு நகரத்தார் கோயில் ஒன்றின் குடமுழுக்கு அழைப்புக்கு முகவரி அடிக்கும் வேலை வந்தது. கல்யாணமான ஒவ்வொருவர் குடும்பமும் அந்தக் கோயிலுக்கு ஒரு புள்ளி. புள்ளி தவறாமல் அழைப்புப் போக வேண்டும். கோயில் அலுவலகம் கொடுத்த பட்டியலைத் தட்டினேன். மூன்று பிரிண்டர்களும் ஓடின. ‘முடிந்தது’ என்று வந்தது. அழைப்புகளைத் தபாலில் சேர்த்தோம்.

குடமுழுக்குக்கு நான்கு நாள் இருக்கையில் ஒருவர் வந்து வாசலிலேயே நின்றார்.

“புள்ளி லிஸ்ட்டு இங்கதான் அடிச்சீகளா? பங்காளி வீடெல்லாம் அழைப்பு வந்திருக்கு, எனக்கு மட்டும் இல்ல. நான் பிள்ளை கூட்டி, சுவீகாரமா வந்தவன். ‘அப்ப நீ எந்த வீட்டுப் புள்ளி?’ன்னு காப்பியக் கையில குடுத்துக்கிட்டே கேக்குறாக. கோயில்லருந்து என் பேரை எடுக்கச் சொன்னாகளா? அதை மட்டும் சொல்லுங்க.”

“தபால்ல தவறியிருக்கும்ணே. வேற ஒண்ணு அடிச்சுத் தரச் சொல்றேன்” என்றார் முதலாளி.

“கேட்டு வாங்குறது அழைப்பா? எடுத்திருந்தாகன்னா நான் கோயில் பக்கமே வரமாட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். போய்விட்டார்.

அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருடைய தகப்பனார் வீட்டு எண் இருக்கும். ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டுக்கு மகனாகப் போனவருக்கு, கோயில் கணக்குப்பிள்ளை இரண்டு எண்களையும் நடுவில் ஒரு கோடு போட்டு எழுதியிருந்தார். நானும் அப்படியே தட்டியிருந்தேன். புரோகிராமுக்கு அந்தக் கோடு புரியவில்லை. பெயருக்கு ஒன்றாக அது அனுப்பும் சின்ன வேலைகளில், அந்தப் பெயரை எடுத்தது அடிக்காமலே செத்துத் திரும்பிவிட்டது. பங்கு வைத்த தலைமை வேலையோ, போனது திரும்பி வந்தால் போதும் என்று இருந்தது. என்ன ஆயிற்று என்று அது கேட்கவேயில்லை. கேட்கும்படி நான் எழுதவில்லை.

இரண்டு நாள் அந்தத் துண்டைத் திருத்தினேன். ஒவ்வொரு வேலையும் திரும்பும்போது நல்லபடி முடிந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் மற்றவை நிற்க வேண்டும். ஆனால் பிளக்கைப் பிடுங்கியதுபோலப் பாதி முகவரியில் அல்ல. கையிலுள்ள பெயரை முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடும் முன் ‘நிறுத்தச் சொல்லியாயிற்றா?’ என்று பார்க்க வேண்டும். நின்றபின் முடிந்தவை, தவறியது, தொடாதவை மூன்றையும் தனித்தனியே காட்ட வேண்டும்.

பழைய பட்டியலையே மறுபடி ஓட்டினேன். ஒரு பெயரில் நின்றது. அதைச் சரிசெய்து, மிச்சத்தை ஓட்டினேன். மறுபடி நின்றது. ஆறு முறை நின்றது. ஐந்தாவது அவர் பெயர். ஆறு பேருமே பிள்ளை கூட்டி வந்தவர்கள்.

மூன்று பிரிண்டர்களும் ஒன்றுபோல ஓய்ந்து நின்றது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. முதலாளியிடம் ஆறு பெயர்களை மட்டும் சொன்னேன். அவர் கோயிலுக்குப் போன் செய்தார். ஆறு வீட்டுக்கும் மாலையில் ஆள் நேரில் போய் அழைப்பதாகச் சொன்னார்களாம். அன்று வாசலில் நின்றவருக்கு நம் தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன்.

“அதோட விடுங்கம்மா. நம்ம தப்புன்னு எழுதிக் குடுத்தா அடுத்த வேலை எவன் தருவான்?”

நான் எழுதினேன். கோயிலார் யாரும் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, என் புரோகிராமின் பிழையால் விடுபட்டது என்று நாலு வரி. மதியமே அவர் வீட்டுக்கு நடந்தேன். வசவு வாங்கத் தயாராகத்தான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் வாசலில் மறந்துவிட்டன. தாளை நீட்டினேன்.

இரண்டு தரம் வாசித்தார். “அப்ப அவுக எடுக்கலை?”

“இல்லைங்க. நான்தான்.”

“நீங்கதானா!” முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே திரும்பி, “ஏய், கேட்டியா? இந்த அம்மாதான் விட்டிருக்காக! அவுக யாரும் இல்லையாம்!” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, தாளோடு பங்காளி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் கூடத்தில் நின்றேன்.

அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். “நாலு நாளாச் சோறு இறங்கலை இவுகளுக்கு. உக்காருங்க. வீட்ல யாரெல்லாம் இருக்காக?”

“நான் மட்டும்தான் ஆச்சி.”

அவரும் உட்கார்ந்தார். நான் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே இருந்தார்.