நட்டை இறுக்கி மறைத்த ஆட்டம்

பள்ளி வேனின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தோம். மதியம் ஒன்றரை மணி. மூன்று மணிக்குள் அது சந்தாபுராவில் பள்ளி வாசலுக்குப் போயாக வேண்டும். டிரைவர் நாகராஜ் உட்காராமல் என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை என்றால் என்னிடம்தான் வரும். இருபத்தாறு வருட சர்வீஸ். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்றார் நாகராஜ். முன் சக்கரங்களின் பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. அந்த வண்டியில் டிஸ்க்கை மாற்ற வேண்டுமானால் சக்கரத்தைத் தாங்கும் ஹப்பையே கழற்ற வேண்டும். ஹப்பைக் கழற்றினால் உள்ளே இருக்கும் வீல் பேரிங்குகளும் கையோடு வந்துவிடும். அவற்றைக் கழுவி, வெளிச்சத்தில் பார்த்து, புது கிரீஸ் அடைத்து மாட்டுவதுதான் முறை.

இடது பக்கம் அப்படித்தான் செய்தேன். வலது பக்கம் வந்தபோது நேரம் நெருக்கியது. பழைய கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு, மேலேயே புதியதை அப்பினேன். மாட்டியபின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் லேசாக ஆட்டம் தெரிந்தது. ஸ்பானரைப் போட்டு நட்டை இன்னும் கால் சுற்று இறுக்கினேன். ஆட்டம் நின்றது. நட்டு கழன்றுவிடாமல் காட்டர் பின்னைக் குத்தி மடக்கிவிட்டேன்.

அடுத்த வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தவர் ஃபிலோமினா. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பேரிங் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்துவிட்டு, அது மூடியதும் எங்களிடம் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். ஸ்பானர் எடுக்க அந்த வழியாக வந்தவர், வலது சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. இடது சக்கரத்தைத் தள்ளினார். அது இரண்டு சுற்று ஓடியது.

புது பிரேக் பேட் உரசுகிறது, ரெண்டு தடவை பிரேக் அடித்தால் சரியாகிவிடும் என்றேன். அவர் நகரவில்லை.

"பேட கழட்டிட்டு ஒரு வாட்டி சுத்திப் பாருங்கண்ணா. அப்பவும் நின்னா பேரிங்தான்."

டிரைவர் முன்னால் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம். உன் வேலையைப் பார் என்று சத்தம் போட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை, போகவும் இல்லை. அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே சக்கரத்தையும் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரையும் கழற்றி, ஹப்பை மட்டும் சுற்றினேன். அப்போதும் இறுக்கமாகவே நின்றது. விரலில் கரகரப்புத் தெரிந்தது.

என்ன ஆச்சு என்று கேட்ட நாகராஜுக்கு ஃபிலோமினா ஒளிக்காமல் பதில் சொன்னார். இப்படியே ஓட்டினால் பேரிங் சூடாகும், கிரீஸ் உருகும், ஓசூர் ரோட்டில் வேகத்தில் போகும்போது சக்கரம் இறுகலாம், கழன்றும் போகலாம். பிரித்துச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் வேண்டும். வேனில் போகிறவர்கள் இருபத்திரண்டு பிள்ளைகள்.

 நாகராஜ் பள்ளிக்குப் போன் போட்டு, பிள்ளைகளை உள்ளேயே உட்கார வைக்கச் சொன்னார். "ஸ்வல்ப லேட்டாகட்டும். திட்டு நான் வாங்கிக்கறேன். நீங்க பிரிச்சிடுங்க."

பேரிங்கைக் கழுவியதும் நான் மறைத்தது வெளிச்சத்துக்கு வந்தது. உருளைகளில் குழிகள். ஒன்று சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. புது செட் வாங்க நானே பைக்கில் ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவர் ஹப்புக்குள் இருந்த பழைய பேரிங் கப்புகளைத் தட்டி எடுத்திருந்தார். புதியதைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டினார். தட்டும் சத்தம் மாறியதும் நிறுத்தினார். கப் அடியில் உட்கார்ந்துவிட்டது. மறுபக்கம் பிதுங்கும்வரை உள்ளங்கையில் வைத்துப் பேரிங்குக்குள் கிரீஸை அழுத்தினார். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகிப் பின்னைப் போட்டார். எனக்குத் தெரியாத எதையும் அவர் செய்யவில்லை. ஆனால் நேரம் போகிறதே என்று எதையும் விடவும் இல்லை. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் சக்கரம் சத்தமே இல்லாமல் ஓடியது.

வேன் நாலு மணிக்குக் கிளம்பியது. சாயங்காலம் முதலாளி வந்து ஏன் தாமதம் என்று கேட்டார்.

"பேரிங் போயிருந்துச்சு சார், மாத்திட்டோம்," என்றார் ஃபிலோமினா. அவ்வளவுதான். என் பெயரை எடுக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. "ஆட்டத்த மறைக்க நான்தான் நட்ட இறுக்கிட்டேன் சார். இவங்க பாக்கலன்னா அப்படியே அனுப்பியிருப்பேன்," என்றேன். முதலாளி என்னைத் திட்டவில்லை. இனி நட்டை இறுக்கியவரே சக்கரத்தைப் பாஸ் பண்ணக் கூடாது என்று மட்டும் சொன்னார். இப்போது என் சக்கரங்களை ஃபிலோமினா சுற்றிப் பார்க்கிறார். அவருடையதை நான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம் உண்டு. சக்கரத்தில் ஆட்டம் தெரிந்தால் நட்டை இறுக்காதீர்கள், ஹப்பைக் கழற்றிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் சரியில்லை என்று சொன்னால், சத்தம் போடாமல் கழற்றிப் பாருங்கள். முதலாவதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். இரண்டாவதற்கு இருபத்தாறு வருடம் ஆனது.