விட்டுப்போன குளிசைகள்

மிஸ்ஸி வெறுமையான குளிசை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் தாதியாக இருந்தவர் அவர்.

தம்பியைக் கடல் கொண்டுபோன பிறகு ஒரு வருடம் நான் வள்ளத்தைத் தொடவில்லை. மனச்சோர்வுக்கென்று டாக்டர் தந்த குளிசைதான் என்னை மறுபடி சாப்பிடவும் உறங்கவும் வைத்தது. தேறியதும் மீன்பிடித் தொழிலுக்கென்று, மீனவர் தங்கும் தூரத்து வாடிக்குப் போனேன். குளிசையை வீட்டில் மறந்துவிட்டேன். திரும்பி வந்த அன்று, விட்ட நாட்களுக்கு உரியதையெல்லாம் ஒன்றாக விழுங்கினேன். நவநாள் செபத்தில் ஒரு நாள் தவறினால் மறுநாள் சேர்த்துச் சொல்லி நிரப்புவது எங்கள் வீட்டு வழக்கம். மருந்தும் அப்படித்தான் என்று நினைத்த மடையன் நான்.

பின்னேரமே வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது மனைவி அழுதுகொண்டிருந்தாள். "இந்தக் குளிசைதான் உங்களுக்கு வலிப்பைத் தந்தது. இனி இது வேண்டாம்." வலிப்புக்காரனை எங்கள் கரையில் எவரும் வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். குளிசையை விட்டாலோ பழையபடி பாயில் சுருண்டு கிடக்க வேண்டும். எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போனது.

அதன் பிறகுதான் அந்தக் கிளினிக் நாள்.

"எல்லாத்தையும் ஒண்டாவோ போட்டனீங்கள், அண்ணை?"

"ஓம் மிஸ்ஸி. விட்டதை நிரப்பினனான்."

அவர் ஏசவில்லை. வெளியே நின்ற மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"இந்தக் குளிசையாலை வலிப்பு வருமோ எண்டால், ஓம், சிலருக்கு வரும். சொன்ன அளவிலை போட்டால் அது குறைவு. இவர் அளவுக்கு மிஞ்சிப் போட்டதாலைதான் வந்திருக்கு எண்டு டாக்டர் சொல்லுறார். ஒருக்கா வந்தால் வலிப்பு நோய் எண்டில்லை, தங்கச்சி. நீங்களா மருந்தை நிப்பாட்டிப் போடாதேங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் விட்டால் என்ன செய்யிறது எண்டு நாங்கள் சொல்லித் தரேல்லை. அது எங்கட பிழை."

பிழை தங்களுடையது என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் சோதனைகள் செய்து, வேறு மருந்துக்கு மாற்றி, சில மாதங்கள் கடலுக்குப் போகாதே என்றார். பொறுத்திருந்து போனேன். வலிப்பு மறுபடி வரவில்லை.

மிஸ்ஸி இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். இப்போதுள்ள தாதிப் பிள்ளை புதிதாக வருகிற எல்லோருக்கும் மருந்தைக் கொடுக்கும்போதே சொல்கிறாள்: "விட்டதைச் சேர்த்துப் போடாதேங்கோ. முந்தி ஒரு ஐயா அப்பிடிப் போட்டு விழுந்தவராம்."

கிளினிக் வாங்குப் பலகையில் பக்கத்தில் இருக்கிற மனைவி என் விலாவில் இடித்துச் சிரிக்கிறாள்.