சிங்கப்பூர் பஸ்ஸில் ஒரு லேடீஸ் சீட்

இன்னிக்குக் காலையில சிங்கப்பூர் வந்து இறங்கினேன். அழைச்சுண்டு போக வந்த தம்பியோட ஏர்போர்ட்லயே சிட்டி பஸ் ஏறினேன்.

நம்ம மெட்ராஸ் பஸ்ல லேடீஸுக்குன்னு இருக்கற இடது பக்க சீட்ல, டை கட்டின சீனர் ஒருத்தர்.

"லேடீஸ் சீட், எழுந்திருங்க"ன்னு இங்கிலீஷ்ல சொன்னேன். உடனே எழுந்துட்டார்.

தம்பிக்கு மானமே போச்சு. "அக்கா, இது மந்தைவெளி பஸ் இல்ல. இங்க லேடீஸ் சீட்டெல்லாம் கிடையாது. சாரி சொல்லு."

சொல்லலையே! "தேங்க்யூ"ன்னுட்டு உட்கார்ந்தேன்.

பத்து வருஷமா மந்தைவெளியிலேர்ந்து தி.நகர் ஆபீசுக்கு பஸ்ல போறேன். 'பெண்கள்'னு எழுதியிருக்கற இடத்துக்கு அடியிலேயே உட்கார்ந்துண்டு தூங்கற மாதிரி நடிக்கறவங்களை எழுப்பறதுக்குள்ள என் ஸ்டாப்பே வந்துடும்.

எழுதியே வைக்காத ஊர்ல ஒருத்தர் ஒரே வார்த்தைக்கு எழுந்துட்டார். நான் எதுக்கு சாரி சொல்லணும்?

இந்த மெயில் லிஸ்ட்ல இருக்கற மந்தைவெளி அண்ணாக்களே, முழிச்சிண்டிருந்தா பதில் போடுங்கோ.