மீசை முளைத்த ஜப்பான்காரி

ஜப்பான்காரர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்ற விஷயத்தில் சேதுபதியை அடித்துக்கொள்ள ஏழு எமிரேட்டிலும் ஆள் கிடையாது. ஜப்பான்காரனுக்கே சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்க ராஸ் அல் கைமாவுக்குத்தான் விமானம் ஏற வேண்டும்.

இத்தனைக்கும் அவர் பார்த்த ஜப்பான் ஒரே ஒரு காலண்டர் தாள். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த பழங்காலப் படம். தொளதொள அங்கியின் கையை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருத்தி மரத்தொட்டியில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள். வேலை பார்க்கும் டைல்ஸ் கம்பெனி ஆபீஸ் குப்பையில் கிடைத்ததை, தொழிலாளர் கேம்ப் ரூமில் தன் கீழ்க்கட்டில் திரைக்குள் ஒட்டியிருந்தார்.

மகள் ஷ்ருதிக்கு நாலு வயது. அவளை நேரில் பார்த்தது ஒரே லீவில், நாற்பது நாள். ஞாயிறுதோறும் மனைவி உமாராணி வீடியோ கால் போடுவாள். அவர் மகளுக்குப் படத்தைக் காட்டிக் கதை சொல்வார்: தண்ணீர் சூடா, பாப்பா ஏன் அழுகிறது, துண்டு எங்கே போனது.

மேல்கட்டிலில் படுக்கும் மணிமாறனுக்கு இதெல்லாம் தெரியாது. பிளஸ் டூவில் கோட்டைவிட்டு, இங்கே வந்து மூன்று வாரம். ஞாயிறானால் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். அண்ணனுக்கு ஜப்பான்காரி மேல் காதல் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டான்.

கேம்பில் கூப்பிடாமல் அடுத்தவர் திரையை விலக்குவதில்லை. கட்டிலுக்கு வேறு கதவு ஏது? ஆனாலும் சனிக்கிழமை அவர் டூட்டிக்குப் போனதும் விலக்கினான். பெட்டியில் நம்பர் போடும் மார்க்கரால் அவளுக்கு முறுக்கு மீசை வைத்தான்.

திரும்பி வந்த சேதுபதி பார்த்தார். திரையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தார். திட்டினால் சிரிக்கலாமென்று காத்திருந்தவனுக்குச் சப்பென்று போயிற்று.

மறுநாள் மணல்காற்று. கிரிக்கெட் இல்லை. மேலே படுத்துக் கிடந்தான். கீழே போன் அடித்தது.

"அப்பா! அந்த அக்காவுக்கு மீச!"

படம் அந்தக் குழந்தைக்காக என்று மணிமாறனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அது அக்கா இல்லடா கண்ணு. பாப்பாவோட அப்பா. லீவுல வந்திருக்காரு. இன்னிக்கு அவருதான் குளிப்பாட்டுறாரு."

"எப்பத் திரும்பிப் போவாரு?"

"போகமாட்டாரு."

போன் வைக்கும் சத்தம் கேட்டது. அவர் முகத்தில் விழிக்காமல் வெளியே ஓடிவிட நினைத்து, கட்டில் கம்பியைப் பிடித்துப் பூனைபோல் இறங்கினான். திரை விலகியது.

"எங்க மாறா கிளம்பிட்ட?"

"சார்ஜர் தேடுறேண்ணே."

"கட்டவிரல்ல மை அப்படியே இருக்கு பாரு."

கையைப் பின்னால் ஒளித்தான்.

"அந்த மார்க்கர எடுத்துட்டு வா. மீச ஒருபக்கம் சாஞ்சிருக்கு. அடுத்த வாரம் புள்ள கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"