மனம்விட்டுக் கதைக்க வந்தவர்கள் கேற்றடியில் கேட்டவை

உளவளத்துணை என்பது, கதைக்கவென்று வந்தவர்கள் கதைக்காமல் இருப்பதற்குச் சொல்லும் காரணங்களை மிகுந்த பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கிற தொழில். ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறிய பிறகு இதைப் படித்து, கொக்குவிலில் என் வீட்டு முன்னறையில் இரண்டு கதிரை போட்டு இருக்கிறேன். முன்பு நான் கதைக்க ஒரு வகுப்பே கேட்காமல் இருந்தது. இப்போது நான் கேட்க ஒருவரும் கதைக்காமல் இருக்கிறார்கள்.

இதை வாசிக்கிற நீங்களும் எங்கோ ஓர் உளவளத்துணையாளரின் வீட்டு வாசல் கேற்றடிவரை போய், அங்கே தெரிந்தவர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு, பக்கத்துக் கடையில் தேவையில்லாத ஒரு பற்பசையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவராகத்தான் இருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். பாதி ஊர் பற்பசையோடுதான் திரும்பியிருக்கிறது.

கீழே வருகிறவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். தயவுசெய்து விசாரித்துப் பார்க்காதீர்கள். பார்ப்பீர்கள் என்று தெரியும்; சொல்லிவைக்கிறேன்.

நீங்கள் ஆரின்ரை ஆக்கள்?

யோகராணி வடக்குக் கரையோர ஊரொன்றிலிருந்து பஸ் மாறி வந்தாள். அவள் கணவர் தவராசாவும் அவருடைய தம்பியும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். காற்று நாளொன்றில் படகு கவிழ்ந்தது. அண்ணன் கரைக்கு வந்தார், தம்பி வரவில்லை. அன்றிலிருந்து தவராசா யாருடனும் கதைப்பதில்லை. கடல் இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி இருப்பார். போட்டால் சாப்பிடுவார். தகப்பனின் குரலையே கடைக்குட்டி மறந்துவிடுவாளோ என்று யோகராணிக்குப் பயம். அவரை என்னிடம் கூட்டிவரலாமா என்று பார்த்துப்போக வந்திருந்தாள்.

தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க, கொக்குவிலில் மனம் சரியில்லாதவர்கள் பருத்தித்துறைப் பக்கம் போகிறார்கள்; அந்தப் பக்கத்தார் என்னிடம் வருகிறார்கள். இரண்டு பஸ்ஸும் எங்காவது எதிரெதிரே போகும்போது எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அவள் விசாரித்த விதம் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் விசாரிப்பதுபோல இருந்தது. சொந்த ஊர்? வட்டுக்கோட்டை. எந்தப் பக்கம்? தகப்பன் என்ன வேலை? பண்டத்தரிப்பில் சொந்தக்காரர் உண்டா? அங்கேதான் அவளுடைய மச்சாள் கலியாணம் செய்து போயிருக்கிறாளாம். நான் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது. தெரியாத ஆள்தான் வேண்டுமென்றால் இவ்வளவு விசாரணை எதற்கு என்று கேட்டேன்.

"எங்களைத் தெரியாத ஆள்தான் வேணும் ரீச்சர். ஆனால் ஆரெண்டே தெரியாத ஆளிட்டை மனுசனை எப்பிடிக் கூட்டிக்கொண்டு வாறது?"

சுவரில் மாட்டிய சான்றிதழ்

எங்கே படித்தீர்கள், இப்படியான துயரத்தோடு வந்தவர்களை முன்பு பார்த்திருக்கிறீர்களா, உங்களால் முடியாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்? இவற்றையெல்லாம் என்னிடம் கேட்கலாம். கேட்கவேண்டும். கிணற்றுக்கு ஒரு தண்ணீர் மோட்டார் வாங்கும்போது இதைவிடக் கூடுதலாகக் கேட்கிறோம். என் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அந்தக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டவர்கள் பலர். வாசித்தவர் ஒருவரும் இல்லை.

யோகராணி அதில் தன் பொட்டைச் சரிசெய்தாள். பிறகு கீழே இருந்த குடும்பப் படத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் எங்கே என்றாள். கனடாவில் என்றேன். ஐயா? கணவர் காலமாகிவிட்டார் என்றேன். மூடிக்கிடந்த அறைகளையும் மேசையில் தனியே கவிழ்த்துவைத்த கோப்பையையும் அவள் கண் சுற்றிவந்தது. பிறகு கேட்டாள்:

"அப்ப உங்களோடை ஆர் ரீச்சர் கதைக்கிறது?"

மருந்தும் இல்லை, செபமும் இல்லை

இரண்டு நாள் கழித்துத் தவராசாவின் தாய் தொலைபேசியில் வந்தார். என்னைப் பற்றி ஊரில் என்ன கேள்விப்பட்டாரோ, எடுத்த எடுப்பிலேயே கோபம்.

"நீங்கள் வேதக்காரராம். என்ரை பிள்ளையைக் கோயிலுக்குப் போகவிடாமல் பண்ணிப்போடாதேங்கோ."

கிறிஸ்தவள்தான், ஆனால் யாரையும் கோயிலுக்குப் போகவிடாமல் மறிப்பதில்லை, அறையில் செபம் செய்வதும் இல்லை என்றேன். நான் செபம் செய்வதைக் கடவுளே இப்போது பெரிதாக எதிர்பார்ப்பதில்லை என்பதைச் சொல்லவில்லை.

"அப்ப குளிசை குடுப்பியளோ?"

"மருந்து வைத்தியர் கொடுக்கவேண்டியது, அம்மா. தேவையென்று கண்டால் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் அனுப்புவேன்."

"குளிசையும் இல்லை, செபமும் இல்லை. அப்ப என்னதான் செய்வியள்?"

"அவர் சொல்வதைக் கேட்பேன்."

அவர் உடனே சொன்னார்:

"கேக்கிறதுக்குத்தானே பிள்ளை, வீடு நிறைய ஆக்கள் இருக்கிறம்!"

தனிப்பட்ட சந்திப்பு

தவராசா தனியே வரட்டும், அல்லது நீ மட்டும் கூட வா என்று யோகராணிக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை காலை கேற்றுக்கு முன் ஒரு வாடகை வான் வந்து நின்றது. தாய் இறங்கினார். தவராசாவின் பெரியப்பா இறங்கினார். யாருக்குத் தெரியக்கூடாதென்று யோகராணி அத்தனை பாடுபட்டாளோ, அந்தப் பண்டத்தரிப்பு மச்சாள் முன்சீற்றிலிருந்து இறங்கினாள். கடைசியாகத் தவராசா. வழி தெரியாமல் சந்தியில் நிறுத்தி, "மனசுக்குப் பாக்கிற ரீச்சரின்ரை வீடு எது?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கடையை விட்டுவிட்டுச் சைக்கிளில் முன்னால் வந்து வீட்டைக் காட்டினார்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்களில் ஒருவரை வைத்தியரிடம் தனியே அனுப்பினால் அவரைக் கைவிட்டதாக அர்த்தம். என்ன, நோயாளி வாய் திறக்கமுன் எல்லோரும் அவருக்காகக் கதைத்து முடித்துவிடுவார்கள். தவராசா பூச்சாடியைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவருக்கு நித்திரை இல்லை என்றார் தாய். இருக்கிறது என்றாள் மச்சாள். எத்தனை தரத்தில் சரிவரும் என்று பெரியப்பா கேட்டார். இப்போதே சொல்ல முடியாது, சில தடவை சந்தித்த பிறகு பயன் இருக்கிறதா என்று அவரும் நானுமாக யோசித்துப் பார்ப்போம் என்றேன். பெரியப்பாவுக்குத் திருப்தியில்லை.

"எஞ்சின் திருத்துற பெடியனே கழட்டிப் பாக்க முன்னம் நாள் சொல்லுறான், ரீச்சர்."

கதவைச் சாத்திய பிறகு

அவரை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன். விறாந்தையில் எல்லோருடைய கதையும் ஒரேயடியாக நின்றது. காது கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். மின்விசிறியைக் கூட்டிவிட்டேன். என்னிடம் இருக்கிற ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அதன் இரைச்சல்தான்.

சொல்லவேண்டியதைச் சொன்னேன். இங்கே கதைப்பது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்தென்று பட்டால் மட்டும் நான் சும்மா இருக்கமாட்டேன். அதையும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன். என்னைப் பிடிக்காவிட்டால் வேறொருவரின் இலக்கம் தருவேன். கதைக்க மனமில்லையென்றால் சும்மா இருக்கலாம்.

அவர் கதிரையைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து இருந்தார். நானும் என் கதிரையைத் திருப்பி அதே சுவரைப் பார்த்தேன். ரயில் போனது, ஜன்னல் அதிர்ந்து அடங்கியது. அந்த அமைதியில் ஒரு குரல், கனகாலம் பாவிக்காமல் கரகரத்துப்போன குரல், கேட்டது:

"இஞ்சை சொல்லுறது தம்பியின்ரை மனுசிக்குப் போகாதோ?"

"போகாது."

"அம்மாவுக்கு?"

"போகாது."

அவர் கதிரையை என் பக்கம் திருப்பினார். பிறகு கதைத்தார்.

என்ன கதைத்தார் என்று அறிய உங்களுக்கு ஆசை இருக்கும். விறாந்தையில் இருந்தவர்களுக்கும் இருந்தது. கதவைத் திறந்ததும் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மற்றப் பிள்ளையின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவர். உலகத்தில் யாருக்காவது அறிய உரிமை இருந்தால் அவருக்குத்தான் இருந்தது. "என்ன சொன்னவன் என்ரை பிள்ளை?" என்று கேட்டார். பதில் எனக்குப் பின்னாலிருந்து, தவராசாவின் குரலில் வந்தது. யோகராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டை போவம், அம்மா. அடுத்த கிழமை நான் பஸ்ஸிலை தனிய வாறன்."

ஆகவே, தனியார் உளவளத்துணையாளரிடம் போகமுன் கேட்கவேண்டிய கேள்விகளில் தலையாயதை அவரிடம் அல்ல, உங்களோடு வாகனத்தில் ஏறத் தயாராக நிற்பவர்களிடம் கேளுங்கள்: இன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை ஒன்றும் இல்லையோ?