பெரியம்மா கூட்டாமல் விட்ட இடம்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு மாமரம் உண்டு. கும்மிடிப்பூண்டிக் கம்பெனிப் புகைக்கு நடுவே அது எப்படித்தான் காய்த்ததோ, வருஷா வருஷம் காய்த்துத் தள்ளும். ஆனால் அதன் நிழலில் ஒரு புல் முளைக்காது. வெறும் மண். மழை பெய்தால் சேறு. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, வண்டியோடு அதில் வழுக்கி விழுந்தார். எழுந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஒரே பேஜாரா கீது. பொங்கலுக்குள்ள இங்க சிமென்ட் தளம் போட்டுடப் போறேன்."

அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. ஊத்துக்கோட்டைப் பக்கம் வயலும் தோட்டமுமாக வளர்ந்தவள் அவள். எங்கள் வீட்டில் டிவி அப்பாவுடையது, சமையலறை பெரியம்மாவுடையது. அம்மாவுக்கென்று இருந்தது அந்த மரத்தடி மண் ஒன்றுதான். "அதுக்குள்ள நான் எதையாச்சும் வளர்த்துக் காட்டிட்டா?" என்று கேட்டாள். அப்பா சிரித்தார். "காட்டு, பாக்கலாம்."

ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் மாமா, ஒரு கவர் நிறையக் காய்ந்த கதிர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மலையடிவாரத்துக் காட்டில், மரங்களுக்குக் கீழே தானாக மண்டிக் கிடக்கும் கனகாம்பரமாம். "பூக்கடையில விக்கிற ஜாதி இல்லக்கா, இது காட்டுச் செடி. வெயிலே வாணாம், நிழல்தான் கேக்கும். சருக மட்டும் வாரிடாத."

கதிர்களை மரத்தடியில் பரப்பி, என்னைத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் சட், சட்டென்று காய்கள் வெடித்து விதைகள் தெறித்தன. ஒன்று என் மூக்கிலேயே பட்டது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

சிக்கல் எங்கள் பெரியம்மாதான். அப்பாவின் அண்ணி, பெரியப்பா காலமான பிறகு எங்களோடு இருந்தாள். கையில் துடைப்பம் இல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு பின்பக்கம் வந்து மரத்தடியைக் கூட்டுவாள். விளக்கேற்றும் முன் இன்னொரு முறை. சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம், அத்தனை சுத்தம். தெருவே அதைச் சொல்லும். விதை, சருகு, நகக்கண் அளவு முளைவிட்ட கன்று எல்லாம் ஒரே வீச்சில் குப்பைக்குழிக்குப் போய்விடும்.

"அக்கா, அங்க மட்டும் கூட்டாதீங்கக்கா," என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

"ஏம்மா, பாம்பு வந்து குடுத்தனம் பண்ணட்டும்ன்றியா? நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

அம்மா சுற்றிலும் செங்கல் அடுக்கினாள். பெரியம்மா அவற்றை நகர்த்தி வைத்துக் கூட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் ஒழுங்காக அடுக்கிவிட்டுப் போனாள். இதற்கு எப்படிச் சண்டை போடுவது? அம்மா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெரியம்மா மேல் அப்படியொரு கோபம்.

ஐப்பசியில் வேப்பம்பட்டிலிருந்து போன் வந்தது. பெரியம்மாவின் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பெரியம்மா பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். அன்றிலிருந்து அம்மா பின்பக்கம் துடைப்பத்தைக் கொண்டுபோகவே இல்லை. மிச்சமிருந்த கதிர்களைச் சருகுக்கு நடுவே செருகி வைத்தாள். அடைமழை பிடித்துக்கொண்டது. மழை ஓய்ந்த ஒரு காலையில் சருகை விலக்கிப் பார்த்தோம். மரத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஜோடி ஜோடியாகக் குட்டி இலைகள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

கார்த்திகை முடிவில் பெரியம்மா திரும்பி வந்தாள். பையைக்கூடப் பிரிக்கவில்லை. பின்பக்கத்தைப் பார்த்ததும், "அட கடவுளே, இது ஊடா காடா?" என்று துடைப்பத்தோடு இறங்கிவிட்டாள். அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றாள். நான்தான் அழுதுகொண்டே குறுக்கே ஓடினேன்: "பெரியம்மா, அது அம்மாவோட செடி!"

பெரியம்மா குனிந்தாள். ஒரு சருகை விரலால் தூக்கினாள். பக்கத்தில் இன்னொன்றைத் தூக்கினாள். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"இத்தினி நாளா இதுக்குத்தான் கூட்டாதன்னியா?"

"ஆமாங்கக்கா. எனக்குன்னு வேற இன்னா கீது?"

பெரியம்மா குனிந்து சருகுகளை இருந்தபடியே மூடினாள். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ரயில்ல உக்காந்துகினே வந்ததுல இடுப்பு புடிச்சிக்கிச்சி. பொறவு கூட்டிக்கிறேன்," என்று உள்ளே போய்விட்டாள்.

மார்கழியில் அப்பா கொத்தனாரைக் கூட்டிவந்தபோதும் பெரியம்மாதான் முதலில் வெளியே வந்தாள். "தளமும் வாணாம், ஒண்ணும் வாணாம். வண்டிய வாசப்பக்கம் வுட்டுக்க." அண்ணி சொல்லுக்கு அப்பா எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. கொத்தனார் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கோடையில் மரத்தடி முழுக்கப் பூ. மண்ணே தெரியவில்லை. முதல் சரத்தைப் பெரியம்மாவே தொடுத்து என் ஜடையில் வைத்தாள்.

அவளுடைய இடுப்பு வலிதான் தீரவே இல்லை. வாசலைக் கூட்டுவாள், தெருவிலும் பாதியைக் கூட்டுவாள். மரத்தடிக்கு வந்ததும் "அம்மாடி, இடுப்பு" என்று துடைப்பத்தைச் சாத்திவிடுவாள். பாவம் பெரியம்மா என்று நான் தைலத்தை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அவளும் மறுக்காமல் திரும்பி உட்காருவாள். மரத்தடியில் மட்டும் வருகிற வலி என்ன வலி என்று கேட்கத் தெரியாமல், பல வருஷம் அக்கறையாகத் தேய்த்துவிட்டேன்.